'கிரேட்டஸ்ட் ஷோமேன்' சொல்லாத கதை: 20 வயதில் அரசவைப் பாடகி, 28இல் ஓபராவுக்கு குட்பை... யார் இந்த ஜென்னி லிண்ட்?

2017இல் வெளியான 'தி கிரேட்டஸ்ட் ஷோமேன்' படத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி நிச்சயம் நினைவிருக்கும். வெள்ளை உடையில் ஒரு பெண் மேடைக்கு வருகிறார். அரங்கமே அமைதியாகிறது. 'நெவர் எனஃப்' பாடல் தொடங்குகிறது. திரைக்குப் பின்னால் நிற்கும் ஹியூ ஜேக்மேன் வாயடைத்துப் போகிறார்.

அந்தப் பெண்தான் ஜென்னி லிண்ட். படத்தில் அவர் சர்க்கஸ் முதலாளி பார்னம் மீது காதல் கொள்கிறார். அது நிறைவேறாததால் மேடையிலேயே முத்தமிட்டுவிட்டு, சுற்றுப்பயணத்தைப் பாதியில் விட்டுக் கிளம்பிவிடுகிறார். பார்னம் பெரும் நஷ்டத்தில் மூழ்குகிறார்.

படத்துக்கு இது நல்ல டிராமாதான். ஆனா நிஜத்தில் நடந்தது வேற. காதல் நடந்ததற்கு ஆதாரம் கிடையாது. பார்னமுக்கு நஷ்டமும் இல்லை, கொள்ளை லாபம். லிண்ட் பாதியில் விலகியது மட்டும் உண்மை. அதுவும் கோபத்தில் எடுத்த முடிவில்லை. ஒப்பந்தத்தில் இருந்த ஒரு ஷரத்தைப் பயன்படுத்தி, கணக்குப் பார்த்து வெளியே வந்தார்.

படம் சொன்னதைவிட அவருடைய அசல் வாழ்க்கையில் திருப்பங்கள் அதிகம். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பூனைக்குப் பாடிய சிறுமி

1820 அக்டோபர் 6ஆம் தேதி ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில் பிறந்தார். முழுப் பெயர் யோஹானா மரியா லிண்ட். நாம் 'ஜென்னி' என்று எழுதினாலும் ஸ்வீடன்காரர்கள் 'யென்னி' என்றுதான் உச்சரிப்பார்கள்.

அப்பா கணக்கர். அம்மா வீட்டிலேயே பெண் குழந்தைகளுக்கான பள்ளி நடத்தியவர். லிண்ட் பிறந்தபோது இருவருக்கும் திருமணம் ஆகியிருக்கவில்லை. அம்மா தன் முதல் கணவரை விவாகரத்து செய்திருந்தார். ஆனால், அவர் உயிரோடு இருக்கும்வரை மறுமணம் செய்வது மத நம்பிக்கைக்கு எதிரானது என்று கருதினார். அந்த முதல் கணவர் இறந்த பிறகுதான் லிண்டின் பெற்றோர் திருமணம் செய்துகொண்டார்கள். அப்போது மகளுக்கு வயது 14.

19ஆம் நூற்றாண்டு ஸ்டாக்ஹோமில் 'திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தை' என்ற முத்திரை எவ்வளவு கனமானது என்று சொல்லத் தேவையில்லை. வீட்டில் பாசமும் குறைவு, பணமும் குறைவு.

9 வயதில்தான் அந்தத் திருப்பம். ஜன்னலோரம் உட்கார்ந்து தன் பூனைக்குப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள் சிறுமி. அந்த வழியாகப் போன ஒரு பணிப்பெண் அதைக் கேட்டு நின்றுவிட்டார். அவர் வேலை பார்த்தது ராயல் ஓபராவின் நடனக் கலைஞர் லுண்ட்பெரி என்பவரிடம். 'இப்படி ஒரு குழந்தை பாடுது' என்று அவர் போய்ச் சொல்ல, லுண்ட்பெரி தானே ஏற்பாடு செய்து சிறுமியை ராயல் தியேட்டரின் பயிற்சிப் பள்ளியில் சேர்க்க உதவினார்.

10 வயதில் மேடை ஏறினாள். பாட்டு, நடிப்பு, நடனம் என எல்லாப் பயிற்சியும் தியேட்டர் செலவில். பதிலுக்கு, தியேட்டர் சொல்லும் வேடங்களில் எல்லாம் நடிக்கணும்.

அரசவைப் பாடகி என்றால் என்ன?

இங்கே ஒரு சின்ன பிளாஷ்பேக். ஸ்வீடனில் ஓபரா என்பது அரண்மனையோடு சேர்ந்தே வளர்ந்த கலை. மன்னர் மூன்றாம் குஸ்தாவ்தான் 1773இல் ஸ்வீடிஷ் மொழியிலேயே ஓபரா நடக்க வேண்டும் என்று ராயல் ஓபராவைத் தொடங்கினார். முதல் நிகழ்ச்சியில் நாயகியாகப் பாடியவர் எலிசபெத் ஒலின். ஸ்வீடிஷ் ஓபராவின் முதல் பெரிய நட்சத்திரம் அவர்தான்.

ஓபரா மீது அவ்வளவு காதல் வைத்திருந்த அதே மன்னர், 1792இல் அதே ஓபரா மாளிகையில் நடந்த முகமூடி விருந்தில் சுடப்பட்டு, சில நாட்களில் இறந்துபோனார். பின்னாளில் வெர்டி தன் 'முகமூடி நடனம்' ஓபராவை எழுதக் காரணமாக இருந்ததும் இந்தச் சம்பவம்தான்.

அந்த அரண்மனை மரபில் சிறந்த ஓபரா கலைஞர்களுக்கு மன்னர் தரும் பட்டம்தான் 'அரசவைப் பாடகர்'. நம்ம ஊரில் 'ஆஸ்தான வித்வான்' என்று சொல்வதோடு ஒப்பிடலாம். 20ஆம் நூற்றாண்டின் உலகப் புகழ்பெற்ற பாடகர்கள் யுஸ்ஸி பியோர்லிங், பிர்கித் நில்சன் ஆகியோரும் இந்தப் பட்டம் பெற்றவர்கள்தான். ஸ்வீடன் மன்னர் இன்றும் இதை வழங்குகிறார்.

லிண்டுக்கு இந்தப் பட்டம் கிடைத்தது 1840இல். வயது வெறும் 20. கொடுத்தவர் மன்னர் பதினான்காம் கார்ல் யோஹான். அவர் பிறப்பால் ஸ்வீடன்காரரே இல்லை, ஒரு காலத்தில் நெப்போலியனின் தளபதியாக இருந்த பிரெஞ்சுக்காரர் என்பது கூடுதல் சுவாரசியம். அதே ஆண்டில் ராயல் இசை அகாடமியிலும் லிண்ட் உறுப்பினரானார்.

இதற்கு அடித்தளம் போட்ட நாள் 1838 மார்ச் 7. வெபர் இசையமைத்த 'டெர் ஃப்ரைஷூட்ஸ்' ஓபராவில் நாயகி அகாத்தே வேடத்தில் லிண்ட் பாடிய நாள் அது. 17 வயதுப் பெண்ணை அன்று இரவே ஸ்டாக்ஹோம் கொண்டாடத் தொடங்கியது. வாழ்நாள் முழுக்க மார்ச் 7ஐ தன் இரண்டாவது பிறந்தநாளாகவே அவர் நினைத்தார்.

உச்சத்தில் உடைந்த குரல்

பட்டம், புகழ், கைநிறைய வேடங்கள். ஆனா குரல்?

இதைப் புரிந்துகொள்ள கொஞ்சம் அறிவியல் தேவை. நாம் பேசும்போதும் பாடும்போதும் தொண்டையில் இருக்கும் குரல் நாண்கள் ஒன்றோடொன்று மோதி அதிர்கின்றன. சுருதி ஏற ஏற மோதலின் எண்ணிக்கையும் கூடும். சொப்ரானோ எனப்படும் உச்ச ஸ்தாயிப் பாடகி ஒருவர் 'ஹை சி' ஸ்வரத்தைத் தொடும்போது, அந்த நாண்கள் ஒரு விநாடிக்கு ஆயிரம் தடவைக்கு மேல் மோதுகின்றன.

அதோடு, அது மைக் இல்லாத காலம். முழு ஆர்க்கெஸ்ட்ராவின் சத்தத்தையும் தாண்டி, கடைசி வரிசையில் இருப்பவருக்கும் கேட்க வேண்டும். முறையான டெக்னிக் இல்லாமல், ஓய்வும் இல்லாமல் தொடர்ந்து பாடினால் நாண்கள் வீங்கும், தடிக்கும், ஒருகட்டத்தில் கைவிட்டுவிடும்.

லிண்டுக்கு அதுதான் நடந்தது. சின்ன வயதிலிருந்தே இடைவிடாத நிகழ்ச்சிகள். 'நோர்மா', 'லூசியா' மாதிரி கடினமான வேடங்கள். 20 வயதில் குரல் தேய்ந்து, நடு ஸ்தாயி கரகரத்துப் போனது. ஸ்டாக்ஹோமில் யாரும் அவரை விமர்சிக்கவில்லை. கைதட்டல் குறையவில்லை. ஆனால், தன்னிடம் ஏதோ தவறாக இருக்கிறது என்று அவருக்கே தெரிந்தது.

அரசவைப் பட்டம் வாங்கிய அடுத்த ஆண்டே, 1841இல், வேலையை விட்டுவிட்டு பாரீஸுக்குக் கிளம்பினார். அங்கே இருந்தவர் மானுவேல் கார்சியா. அந்தக் காலத்தின் நம்பர் ஒன் குரல் ஆசிரியர். கண்ணாடி வைத்து தொண்டைக்குள் குரல் நாண்களைப் பார்க்கும் முறையைப் பின்னாளில் உலகுக்கு அறிமுகப்படுத்தியவரும் இவரேதான்.

லிண்ட் பாடிக் காட்டினார். கார்சியாவின் பதில் இடி மாதிரி விழுந்தது. சொல்லிக்கொடுத்துப் பயனில்லை, குரலே மிச்சமில்லை என்பதுதான் அதன் சாரம். கண்ணீரோடு லிண்ட் கெஞ்ச, ஒரு நிபந்தனை போட்டார். வாரக்கணக்கில் பாடவே கூடாது, முடிந்தவரை பேசவும் கூடாது. பிறகு வந்தால் பார்க்கலாம்.

ஸ்வீடனின் அரசவைப் பாடகி, பாரீஸில் ஒரு வாடகை அறையில் வாயைத் திறக்காமல் நாட்களைக் கடத்தினார். பிரெஞ்சுப் பாடம் படித்தார். திரும்பப் போனபோது குரல் கொஞ்சம் மீண்டிருந்தது. கார்சியா அடிப்படையிலிருந்து தொடங்கினார். எப்படி மூச்சு விடுவது, ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு எப்படி நகர்வது, எங்கே சக்தியை மிச்சப்படுத்துவது என்று குழந்தைக்குச் சொல்லித் தருவதுபோல பாடம் நடந்தது.

1842இல் ஸ்டாக்ஹோம் திரும்பிய லிண்ட், புது ஆளாக இருந்தார். நடு ஸ்தாயியில் ஒரு லேசான மூடல் கடைசிவரை இருந்தது என்கிறார்கள். ஆனால் மேல் ஸ்தாயி கண்ணாடிபோலத் தெளிவு. மிக மெல்லிய குரலில் பாடினாலும் அரங்கம் முழுக்கக் கேட்கும் அந்த வித்தைதான் பிறகு அவருடைய அடையாளமானது.

காதலித்த ஆண்டர்சன், நண்பரான மெண்டல்சன்

1843இல் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் பாட அழைப்பு வந்தது. லிண்ட் நடுங்கிவிட்டார். ஸ்வீடனுக்கு வெளியே பாடியதில்லை, கூட்டம் கேலி செய்தால் என்ன ஆவது என்று பயம். மேடை பயம் அவரை வாழ்நாள் முழுக்க விடவில்லை. பாலே ஆசிரியர் பூர்னன்வீலும், எழுத்தாளர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சனும் தைரியம் சொல்லி மேடையேற்றினார்கள். நிகழ்ச்சி சூப்பர் ஹிட்.

ஆண்டர்சன் யார் என்று தெரியும்தானே? 'அசிங்கமான வாத்துக் குஞ்சு', 'சின்னக் கடல்கன்னி' கதைகளை எழுதியவர். அவர் லிண்டிடம் மனதைப் பறிகொடுத்துவிட்டார். லிண்ட் அவரை 'சகோதரர்' என்றே அழைத்தார். இன்றைய பாஷையில் பக்காவான 'ஃப்ரெண்ட்ஸோன்'.

அதே ஆண்டின் இறுதியில் ஆண்டர்சனின் 'நைட்டிங்கேல்' கதை வெளியானது. சீனப் பேரரசரின் அரண்மனையில் ரத்தினங்கள் பதித்த இயந்திரப் பறவை வந்ததும், நிஜமான பறவையை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். கடைசியில் பேரரசரைச் சாவிலிருந்து மீட்பது நிஜப் பறவையின் பாட்டு. இந்தக் கதைக்கு லிண்டின் குரலே தூண்டுதல் என்று இலக்கிய ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். பின்னர் உலகமே லிண்டை அழைத்த பெயர் 'ஸ்வீடிஷ் நைட்டிங்கேல்'.

1844 டிசம்பரில் பெர்லின். அடுத்து லைப்ஸிக், வியன்னா. இந்தக் காலத்தில் நண்பரானவர் இசையமைப்பாளர் ஃபெலிக்ஸ் மெண்டல்சன். தன்னுடைய 'எலியா' இசைப் படைப்பின் சொப்ரானோ பகுதியை எழுதும்போது, லிண்டின் குரலில் குறிப்பாக ஒலிக்கும் மேல் 'எஃப் ஷார்ப்' ஸ்வரத்தை மனதில் வைத்தே எழுதினார். 1847இல் 38 வயதில் மெண்டல்சன் இறந்துபோனது லிண்டை உலுக்கியது. அந்தப் பாடல்களைத் தொடவே அவருக்கு ஓராண்டு ஆனது. 1848 டிசம்பரில் லண்டனில் 'எலியா'வைப் பாடினார். அதில் கிடைத்த பணத்தில் மெண்டல்சன் பெயரில் இசை மாணவர்களுக்கான உதவித்தொகை தொடங்கப்பட்டது. 1856இல் அதை முதலில் பெற்ற மாணவர் ஆர்தர் சல்லிவன். பின்னாளில் பிரிட்டனின் பெரிய இசையமைப்பாளர்களில் ஒருவர்.

லண்டனைப் பிடித்த ஜுரம்

1847 மே 4ஆம் தேதி லண்டனில் அறிமுகம். மேயர்பீரின் 'ராபர்ட் தி டெவில்' ஓபராவில் ஆலிஸ் வேடம். விக்டோரியா மகாராணியே வந்து உட்கார்ந்திருந்தார். டிக்கெட்டுக்கு அடிதடி. நெரிசலில் உடைகள் கிழிந்தவர்கள் எல்லாம் உண்டு. ஜூலையில், வெர்டியின் 'இ மஸ்னாதியேரி' ஓபராவின் முதல் அரங்கேற்றம் லண்டனில் நடந்தபோது நாயகி லிண்ட். ஆர்க்கெஸ்ட்ராவை நடத்தியவர் சாட்சாத் வெர்டி.

ஆனால், இதற்கு நடுவே ஒரு தலைவலியும் இருந்தது. 1845இல் பெர்லினில் இருந்தபோது, ஆல்ஃபிரட் பன் என்ற லண்டன் தியேட்டர் நிர்வாகியின் ஒப்பந்தத்தில் அவசரமாகக் கையெழுத்துப் போட்டிருந்தார் லிண்ட். ஆங்கிலத்தில் பாட வேண்டும் என்பது அதில் இருந்தது. அவ்வளவு ஆங்கிலம் தனக்கு வராது என்று பின்னர் பின்வாங்கினார். பன் விடவில்லை. வழக்குப் போட்டு, 1848இல் 2,500 பவுண்டு இழப்பீடு வாங்கினார்.

இன்னொரு விஷயமும் கவனிக்க வேண்டியது. அன்றைய ஸ்வீடன் சட்டப்படி, திருமணமாகாத பெண் எத்தனை வயதானாலும் மைனர்தான். சம்பாதித்த பணத்தை நிர்வகிக்கக்கூட ஓர் ஆண் பாதுகாவலர் தேவை. ஐரோப்பாவிலேயே அதிகம் சம்பாதிக்கும் பாடகிகளில் ஒருவராக இருந்த லிண்டுக்கும் இதே சட்டம்தான். ஒரு நீதிபதியைத் தன் பாதுகாவலராக வைத்துக்கொண்டார்.

28 வயதில் ஏன் விலகினார்?

1849 மே 10. லண்டனில் மீண்டும் ஆலிஸ் வேடம். அதோடு ஓபராவுக்கு முற்றுப்புள்ளி. 29ஆவது பிறந்தநாள் வர இன்னும் சில மாதங்கள் பாக்கி. புகழின் உச்சம். இனி ஓபரா மேடையில் நடிக்கப் போவதில்லை என்ற முடிவை லிண்ட் கடைசிவரை மாற்றவே இல்லை.

காரணம்? ஒன்றுக்கு மேல் இருக்கலாம். அவர் ஆழ்ந்த மத நம்பிக்கை கொண்டவர். மேடை வாழ்க்கையை அக்கால சமூகம் மரியாதையாகப் பார்க்கவில்லை. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கு முன்பும் வரும் பயம் அவரைத் தின்றது. ஒருமுறை குரலை இழந்து மீட்டவருக்கு, அதை எவ்வளவு செலவழிக்கலாம் என்ற கணக்கும் தெரிந்திருந்தது. ஓபராவை விட்டாலும் கச்சேரிகளில் பாடுவதை அவர் நிறுத்தவில்லை. வேடம் போடாமல், தானாகவே நின்று பாடலாம். என்ன பாடுவது என்று தானே முடிவு செய்யலாம்.

பார்னம் டீல்: உண்மையில் என்ன நடந்தது?

இப்போது படத்துக்கு வருவோம். பி.டி.பார்னம் நியூயார்க்கில் விசித்திரப் பொருட்களின் அருங்காட்சியகம் நடத்தியவர். குரங்கின் மேல்பாதியையும் மீனின் கீழ்பாதியையும் ஒட்டவைத்து 'கடல்கன்னி' என்று காட்டிய ஆசாமி. மரியாதையான ஒரு ஷோ நடத்தணும் என்ற ஆசை அவருக்கு. லிண்ட் பாடி அவர் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. ஐரோப்பாவில் அவருக்கு இருந்த கூட்டம் பற்றித் தெரியும், அது போதும் என்று நினைத்தார்.

ஆள் அனுப்பிப் பேசியதில், 1850 ஜனவரியில் ஒப்பந்தம் முடிவானது. அதன் முக்கிய அம்சங்கள் இவை:

• அதிகபட்சம் 150 கச்சேரிகள். ஒவ்வொன்றுக்கும் லிண்டுக்கு 1,000 டாலர்.

• பயணம், தங்குமிடம், உதவியாளர் என எல்லாச் செலவும் பார்னமுடையது.

• உடன் வரும் இசையமைப்பாளர் ஜூலியஸ் பெனடிக்ட், பாடகர் பெல்லெட்டி இருவருக்கும் தனிச் சம்பளம்.

• 1,87,500 டாலர் முழுவதையும் லண்டன் வங்கியில் முன்கூட்டியே கட்டிவிட வேண்டும். அதன் பிறகுதான் கப்பல் ஏறுவார்.

கடைசி பாயின்ட்தான் முக்கியம். வாக்குறுதியை நம்பிக் கடல் தாண்ட அவர் தயாராக இல்லை. பார்னம் சொத்துகளை அடகு வைத்தார், கடன் வாங்கினார். கடைசியாகக் குறைந்த 5,000 டாலரைக் கொடுத்தது ஒரு பாதிரியார்.

ஒப்பந்தம் முடிந்த கையோடு ரயிலில் போய்க்கொண்டிருந்த பார்னம், 'ஜென்னி லிண்ட் வரப் போறாங்க' என்று ரயில் கண்டக்டரிடம் பெருமையாகச் சொன்னாராம். 'அவங்க டான்ஸரா?' என்று திருப்பிக் கேட்டார் கண்டக்டர். பார்னமுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அமெரிக்காவில் லிண்டை யாருக்கும் தெரியாது! கையில் இருந்தது சில மாதங்கள் மட்டுமே.

அந்தச் சில மாதங்களில் அவர் செய்தது இன்றைய மார்க்கெட்டிங் மாணவர்கள் படிக்க வேண்டிய பாடம். நாளிதழ்களில் லிண்டின் வாழ்க்கைக் குறிப்புகள், தான தர்மங்கள் பற்றிய செய்திகள் தொடர்ந்து வந்தன. வரவேற்புப் பாடல் எழுத 200 டாலர் பரிசுப் போட்டி வைத்தார். டிக்கெட்டை ஏலம் விட்டார். முதல் டிக்கெட்டை 225 டாலருக்கு எடுத்தவர் ஜெனின் என்ற தொப்பி வியாபாரி. அதற்குப் பிறகு அவருடைய தொப்பிக் கடை ஊர் முழுக்கப் பிரபலம்.

1850 செப்டம்பர் 1. லிண்டின் கப்பல் நியூயார்க் துறைமுகத்துக்கு வந்தபோது காத்திருந்த கூட்டம் 30,000க்கும் மேல் என்று சொல்லப்படுகிறது. செப்டம்பர் 11இல் காசில் கார்டன் அரங்கில் முதல் கச்சேரி. கேட்க வந்தவர்கள் ஐயாயிரத்துக்கும் அதிகம். முதல் பாட்டின் தொடக்கத்தில் குரல் நடுங்கியது. பிறகு சுதாரித்துக்கொண்டார். முடிவில், தனக்குக் கிடைத்த சுமார் 10,000 டாலரை நியூயார்க்கின் அறக்கட்டளைகளுக்கே கொடுப்பதாக பார்னம் மேடையில் அறிவித்தார். கூட்டம் ஆர்ப்பரித்தது.

பிறகு 'லிண்ட் மேனியா' நாட்டைப் பிடித்துக்கொண்டது. லிண்ட் தொப்பி, லிண்ட் கையுறை, லிண்ட் நாற்காலி, லிண்ட் பியானோ என்று கடையெல்லாம் அவர் பெயர். அப்போது வந்த உருட்டுக் கம்பி டிசைன் தொட்டில் கட்டில், இன்றும் அமெரிக்கக் கடைகளில் 'ஜென்னி லிண்ட் தொட்டில்' என்றே விற்கிறது. கலிஃபோர்னியாவில் ஜென்னி லிண்ட் என்று ஒரு ஊரே இருக்கிறது.

எல்லோரும் மயங்கினார்களா? இல்லை. கவிஞர் வால்ட் விட்மன், அந்தப் பாட்டு தன் மனதைத் தொடவே இல்லை என்று எழுதினார். அடிமை முறை அமலில் இருந்த தென் மாநிலங்களிலும் லிண்ட் பாடினார், அதைப் பற்றி மேடையில் எதுவும் பேசவில்லை. அடிமை ஒழிப்பு ஆர்வலர்கள் சிலருக்கு இது பெரிய ஏமாற்றம். 1852இல், 'அங்கிள் டாம்ஸ் கேபின்' எழுதிய ஹாரியட் பீச்சர் ஸ்டோவ், ஒரு அடிமைக் குடும்பத்தை விடுவிக்க நிதி திரட்டியபோது லிண்ட் பணம் அனுப்பினார்.

அந்த 'எக்ஸிட்'

சரி, படத்தில் வரும் அந்தப் பிரிவு? பார்னம் முதல் கச்சேரிக்கு முன்பே ஒப்பந்தத்தை மேம்படுத்தினார். வசூல் 5,500 டாலரைத் தாண்டினால், தாண்டிய தொகையில் பாதி லிண்டுக்கு என்று மாற்றினார். ஆகவே பணத்தில் பிரச்சினை இல்லை.

லிண்டுக்குப் பிடிக்காமல்போனது வேறு. ஏலத்தால் டிக்கெட் விலை எகிறியது, சாதாரண மக்களால் வர முடியவில்லை. தன்னை ஒரு கண்காட்சிப் பொருளாக விற்கும் அந்த ஓயாத விளம்பரமும் உறுத்தியது. குறிப்பிட்ட எண்ணிக்கைக்குப் பிறகு அபராதம் கட்டிவிட்டு விலகலாம் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. 1851 ஜூனில், 93 கச்சேரிகளுக்குப் பிறகு, லிண்ட் அதைச் செய்தார்.

முத்தமும் இல்லை, சண்டையும் இல்லை. இருவரும் நல்லபடியாகவே பிரிந்தார்கள். பார்னமுக்கு லாபம் 5 லட்சம் டாலர் அளவுக்கு. அமெரிக்கப் பயணம் மொத்தத்தில் லிண்டுக்குக் கிடைத்தது சுமார் 3.5 லட்சம் டாலர். அதில் பெரும்பகுதி தான தர்மங்களுக்கு, முக்கியமாக ஸ்வீடனில் ஏழைக் குழந்தைகளுக்கான இலவசப் பள்ளிகளுக்குப் போனது.

1852 மே வரை தன் சொந்த நிர்வாகத்தில் அமெரிக்காவில் பாடினார். அதற்கிடையில், பிப்ரவரி 5ஆம் தேதி பாஸ்டனில் திருமணம். மாப்பிள்ளை, பெனடிக்டுக்குப் பதிலாக வந்த பியானோ கலைஞர் ஓட்டோ கோல்ட்ஷ்மிட். லிண்டைவிட ஒன்பது வயது இளையவர்.

அதற்குப் பிறகு?

மூன்று குழந்தைகள். முதலில் ஜெர்மனி, பிறகு இங்கிலாந்து. கச்சேரிகள் குறைந்தன, பெரும்பாலும் நிதி திரட்டுவதற்காக மட்டுமே பாடினார். 1849இல் நார்விச் நகரில் பாடி அவர் கொடுத்த பணத்தில், 1854இல் அங்கே குழந்தைகளுக்கான மருத்துவமனை திறக்கப்பட்டது. லண்டனின் புகழ்பெற்ற கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனை தொடங்கி இரண்டே ஆண்டுகளில் இது வந்துவிட்டது.

கணவர் ஓட்டோ 1875இல் லண்டனில் பாக் கொயர் என்ற பாடகர் குழுவைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு, பாக் இயற்றிய 'பி மைனர் மாஸ்' இங்கிலாந்தில் முதல்முறையாக முழுமையாகப் பாடப்பட்டபோது, லிண்ட் தனிப்பாடகியாக நிற்கவில்லை. கோரஸில் சொப்ரானோ வரிசையை வழிநடத்தும் ஒருவராக, கூட்டத்தோடு கூட்டமாக நின்று பாடினார்.

1883இல் ராயல் இசைக் கல்லூரி திறக்கப்பட்டபோது குரலிசைப் பேராசிரியராகச் சேர்ந்தார். மாணவிகளிடம் ரொம்பக் கண்டிப்பு. தான் 20 வயதில் செய்த தவறை அவர்கள் செய்யக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தார். அதே ஆண்டு மால்வெர்ன் நகரில் ரயில்வே ஊழியர் நல நிதிக்காகப் பாடியதுதான் பொதுமேடையில் கடைசி.

1887 நவம்பர் 2ஆம் தேதி, மால்வெர்ன் மலையில் இருந்த தன் வீட்டில் 67 வயதில் இறந்தார். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில், கவிஞர்களுக்கான பகுதியில் 1894இல் அவருக்கு நினைவுச் சின்னம் வைக்கப்பட்டது. 1996இல் ஸ்வீடன் தன் 50 குரோனர் நோட்டில் அவர் முகத்தை அச்சிட்டது. ஏறக்குறைய 20 ஆண்டுகள் அந்த நோட்டு மக்கள் கையில் புழங்கியது.

ஒரே ஒரு பதிவுகூட இல்லை

எடிசன் ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டுபிடித்தது 1877இல். லிண்ட் அதன் பிறகும் பத்து ஆண்டுகள் வாழ்ந்தார். ஆனாலும், அவர் குரலின் பதிவு ஒன்றுகூட இன்று நம்மிடம் இல்லை. அவர் எப்படிப் பாடினார் என்பதை, கேட்டவர்கள் எழுதி வைத்ததை வைத்துத்தான் ஊகிக்க முடியும்.

படத்தில் நாம் கேட்கும் குரலும் அவருடையது இல்லை. ஓபரா பாணியும் இல்லை. அது பக்கா பாப் பாட்டு. லிண்டாக நடித்த ஸ்வீடன் நடிகை ரெபேக்கா ஃபெர்குசனின் குரல்கூட அதில் கிடையாது. பின்னணி பாடியவர் லோரன் ஆல்ரெட்.

நார்விச் மருத்துவமனை மட்டும் அப்படியே தொடர்கிறது. இடமும் கட்டடமும் மாறி, இன்று நகரின் பல்கலைக்கழக மருத்துவமனையின் ஒரு பகுதியாக இயங்குகிறது. அங்கே குழந்தைகள் பிரிவின் பெயரில் இப்போதும் 'ஜென்னி லிண்ட்' இருக்கிறது.